அத்தை வீட்டுக் கிணறும் அப்பாவின் தடுப்பும்

கடல் எங்கே முடிகிறது, ஆறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் அப்பா அடுக்கி வைத்த மணல் மூட்டைகளில்தான்.

அப்பா திருவனந்தபுரத்தில் நீர்ப்பாசன ஆபீஸில் ஓவர்சியர். கோடையில் கரமனை ஆறு மெலிந்துவிட்டால் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிவரும். மேலே இருக்கும் குடிதண்ணீர்ப் பம்ப்பு வரை அது போய்விட்டால் ஊர் முழுக்க உப்புக் காப்பிதான். அதனால் ஆற்றின் குறுக்கே மூட்டைகளை அடுக்கித் தடுப்புப் போடுவார்கள். நல்ல மழை வந்ததும் பிரித்துவிடுவார்கள். நான் ஐந்தாவது முடித்த கோடையில் அந்த வேலை அப்பாவின் தலையில் விழுந்தது.

லீவாயிற்றே, நானும் ஸ்கூட்டரில் தொற்றிக்கொள்வேன். அப்பா உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் முக்கி எண் பார்ப்பார். நான் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்ப்பேன். தடுப்புக்கு மேல்பக்கம் சப்பென்று இருக்கும். கீழ்ப்பக்கமோ, அப்பப்பா, ஒரே கரிப்பு! நடுவில் இருப்பது ஒரு ஆள் படுக்கிற அகலம். இத்தனை கடலும் எப்படி இந்தச் சாக்குக்குப் பயந்து நிற்கிறது? உப்பு மட்டும் நிற்கிறதா, மீனும் நிற்கிறதா? "ஒனக்கு வாயே ஓயாதா மக்களே?" என்பார் அப்பா. "சாரே, மோள எஞ்சினீயராக்கணும் கேட்டோ" என்று வேலையாட்கள் மலையாளத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

கீழ்ப்பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அத்தை வீடு. அப்பாவின் அக்காள். தாயில்லாத அப்பாவைச் சோறூட்டி வளர்த்தவள். ஆற்றங்கரையில் கீரையும் வாழையும் போட்டுப் பிழைத்தாள். ஊருக்கெல்லாம் போன குழாய் அந்தக் கரைக்கு மட்டும் வரவில்லை. குடிக்கவும் குளிக்கவும் கிணறுதான். தடுப்பு எழும்பியதும், மேலே போக வழியில்லாத உப்பெல்லாம் கீழேயே தங்கி அந்தக் கிணற்றில் இறங்கியது. கீரை கருகியது.

ஒருநாள் அத்தை தடுப்பின் மேலேயே வந்து நின்றாள். "லே, இத என் வீட்டுக்குக் கீழ கொண்டு போட்டா ஒனக்கு என்ன கேடு?"

"அங்க ஆறு அகலம் அக்கா. மூட்ட நிக்காது. ப்ளான் இங்கதான்."

"நல்ல பிளானு! ஊருக்காரனெல்லாம் அந்தப் பக்கம், கூடப்பிறந்தவ இந்தப் பக்கம்."

அதோடு பேச்சு நின்றது. அப்பா போன் செய்தால் அத்தை எடுப்பதில்லை. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்த ஒரே அக்காளும் போய்விட்டாள் என்றே நினைத்துவிட்டார். அப்புறம் ஒருநாள் அத்தையே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கெழம சோறு திங்க வா. பிள்ளையயும் கூட்டிட்டு வா." அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாதான், "ஒங்க அக்கா சும்மா விளிப்பாளா?" என்று இழுத்தாள்.

அத்தை எனக்குத் தனியாகக் கடைப் புரோட்டாவும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்தாள். அப்பாவுக்குச் சோறு, பருப்பு, ரசம், கருகாமல் மிஞ்சிய கீரையில் தேங்காய் போட்ட துவரன். எனக்கு மட்டும் ஏன் வேறே? நான் சும்மா இருப்பேனா? அப்பாவின் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். தடுப்பின் கீழ்ப்பக்கம் அப்படியே நாக்கில் ஏறியது. வாயைத் திறக்கப் போனேன். அப்பா என் முட்டியை அழுத்தினார்.

அவர் நிதானமாகச் சாப்பிட்டார். ரசத்தை உறிஞ்சிக் குடித்தார். அத்தை எதிரே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டு காலியானதும் அப்பா நிமிர்ந்து, "இன்னும் கொஞ்சம் சோறு போடு அக்கா" என்றார்.

அத்தை பானையை எடுத்து வந்தாள். ஒரு கரண்டி வைத்தாள். அடுத்த கரண்டி பாதியில் நின்றது. குனிந்து வெடுக்கென்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். "போதும்லே, எந்திரி" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அது அழுகிற குரலாக இருந்தது.

"மழ பெய்யாம எடுக்க முடியாது அக்கா" என்றார் அப்பா, சுவரைப் பார்த்து.

"தெரியும்லே. போ."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! இன்னும் வேண்டும் என்று கேட்டவரின் தட்டையா பிடுங்குவது? வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் கொட்டினேன். அத்தையைக் குறை சொன்னால் அம்மாவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. அன்றைக்கு ஏனோ அவள் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், எங்கள் குழாயடியில் இரண்டு கேன்கள். அப்பா ஸ்கூட்டரில் கட்டக் கயிறு தேடிக்கொண்டிருந்தார்.

"தட்டப் பிடுங்குனவளுக்கு நாம எதுக்குத் தண்ணி கொண்டு போணும்?" என்று கேட்டேன்.

அம்மா உள்ளே போய் மூன்றாவது கேனை எடுத்துவந்து குழாயடியில் வைத்தாள்.