முடிவு தெரிந்த ஆட்டம்

எந்த விளையாட்டையும் முடிவு தெரியாமல் என்னால் பார்க்க முடியாது. கிரிக்கெட் என்றாலும் ஆட்டம் முடியும்வரை கொல்லைப்புறத்தில் உலாவிவிட்டு, வென்றதா தோற்றதா என்று மனைவியிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் பதிவைப் பார்க்க உட்காருவேன். பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்தக் குணத்தால்தான். சோதனை எழுதினேன், முடிவு வந்த அன்று போய்ப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அப்படியே பள்ளிக்கூடம் போகாமலே விட்டாயிற்று. பாஸா பெயிலா என்று இன்றுவரை தெரியாது.

இந்த நாட்டுக்கு வந்து, விரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். குனிய முடியாமல் நாரி போய் வேலையை விட்டபின், த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டில் பகலெல்லாம் சும்மா இருந்து பயப்படுவதே என் வேலையாயிற்று. மழை பெய்தால் கூரைப் பீலி அடைத்திருக்குமோ, மகள் போன் எடுக்காவிட்டால் காரில் அடிபட்டிருப்பாளோ என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வீட்டு அமெரிக்கர் பழக்கமானார். இந்த நாட்டு நேர்ஸ் ஒருவரைக் கல்யாணம் செய்து இங்கே வந்து கிழவரானவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் கடல் தாண்டிப் பெர்த்தில். அவருடைய பெய்ஜோவா மரம் எங்கள் வேலிப் பக்கம் சாய்ந்து நிற்கும். இலையுதிர் காலத்தில் பழங்களைப் பொறுக்கிப் பையில் கட்டி எங்கள் வாசலில் வைப்பார். நான் அவரைச் ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டேன். வேண்டாம் என்று எத்தனையோ தரம் சொன்னார். நாக்கு கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பழைய படமொன்று போட்டார். கறுப்பு வெள்ளை. பனி உறைந்த மைதானம், தலைக்கவசம் போட்ட ஆட்கள், வாயிலிருந்து புகைபோல மூச்சு. பெயர்தான் ஃபுட்போல், பந்தை முக்கால்வாசி நேரம் கையில்தான் வைத்திருந்தார்கள். இங்கே தெருவுக்குத் தெரு விளையாடுகிற ரக்பிக்குக் கவசம் போட்டுவிட்டாற்போல இருந்தது. அந்த ஆண்டின் கடைசி ஆட்டம், நாட்டுக்கே பெரிய அணி எது என்று தீர்மானிக்கிற ஆட்டம் என்றார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தகப்பனோடு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தவராம். மகள் எங்கேயோ தேடிப்பிடித்து டிவிடியில் ஏற்றிக் கொடுத்திருக்கிறாள்.

“முடிவு என்ன, சேர்?” என்று முதலில் அதைத்தான் கேட்டேன்.

“தோற்றோம். எதிரணியின் கடைசி உதையில். நாலில் மூன்று பாகம் முன்னுக்கு நின்றுவிட்டுத் தோற்றோம்.”

எனக்கு அப்பாடா என்றிருந்தது. சாய்ந்து உட்கார்ந்து பார்த்தேன். பிறகு ஞாயிறு தவறாமல் அதே ஆட்டம். அதே கூட்டம் எழும்பும், அதே பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போகும், அவர் தலையை ஆட்டுவார். அன்றைக்குத்தான் தன் தகப்பன் அழுததைப் பார்த்தாராம். அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஒருநாள் படத்தைப் போடாமல் றிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மூளைக்கு ஏதோ நடக்கிறது, டாக்டர் சொல்லிவிட்டார், இது குணமாகிற வருத்தமில்லை என்றார்.

“டாக்டர் இன்று என்ன திகதி, யார் பிரதமர் என்றெல்லாம் கேட்கிறார். அது தெரியாவிட்டால் என்ன? இந்த ஆட்டம் எனக்கு மறக்கக்கூடாது. நீ ஒவ்வொரு ஞாயிறும் படத்துக்கு முன் முடிவு என்ன என்று கேள். நான் சொல்லத் தெரியாமல் முழிக்கிற அன்று என் மகளைக் கூப்பிடு. அவளை எனக்கு அடையாளம் தெரிகிற காலத்திலேயே அவள் வந்துவிட வேண்டும். சும்மா இப்போதே கூப்பிட்டு அவள் வேலையைக் கெடுக்க மாட்டேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவி ஹென்டர்சனில் ஒரு ரெஸ்ட் ஹோமில், மறதி வந்த கிழவர்கள் வெளியே போய்விடாமல் இலக்கம் அடித்தால்தான் கதவு திறக்கிற பகுதியில் வேலை செய்கிறாள். அவளுக்கு இது தினம் பார்க்கிற சங்கதி.

“ஊரில வேற ஆள் கிடைக்கேல்லையோ அந்த மனிசனுக்கு?” என்றாள். “சோதனை முடிவு பாக்கப் பயந்த ஆளை, சோதனை வைக்கச் சொல்லியிருக்கிறார்.”

“நீ சிரி. அவர் முழிச்சா நான் என்ன செய்யிறது?”

“கேக்கிறதுதானே. ஒரு கேள்வி. கேட்டுப்போட்டு வாங்கோவன்.”

கேட்டேன். ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. இன்றைக்குத்தான் முழிக்கப் போகிறாரோ என்று நினைத்து, கதவு திறந்ததும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிடுவேன். “அப்ப சேர், இன்றைக்கும் கடைசி உதையில் தோற்கப்போகிறோம், என்ன?”

“ஆமாம், கடைசி உதையில்” என்று சிரிப்பார்.

எனக்கு ஒரு கிழமைக்கு மூச்சு வரும். வீட்டுக்கு வந்து, “சரியாச் சொல்லிப்போட்டார்” என்பேன். அந்த வருடம் பெய்ஜோவா பொறுக்க ஆளில்லாமல் வேலியடியில் விழுந்து அழுகியது. முதுகு நோகுதாக்கும் என்று நினைத்தேன். குப்பைத் தொட்டியைத் தவறான கிழமையில் வைத்தார். எனக்கும்தானே மாறுகிறது என்று நினைத்தேன். சமாதானம் சொல்ல எனக்குக் காரணம் தட்டுப்படாமல் போனதில்லை.

கோடை தொடங்கியபோது ஒரு ஞாயிறு மனைவிக்கு லீவு. வடை சுட்டு எடுத்துக்கொண்டு அவளும் வந்தாள். வாசலில் நான் வழக்கம்போல் கேட்டேன், அவர் வழக்கம்போல் சிரித்தார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உள்ளே வந்து, அவர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, வடைத் தட்டை நீட்டினாள். அவர் வெயில் காலத்தில் தடித்த கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தார். ஆட்டம் பாதியைத் தாண்டியதும், ஏதோ தெரியாதவள்போல, “யார் வெல்லப்போகிறார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. முகம் பிள்ளையின் முகம்போல இருந்தது.

“நாங்கள்தான். அப்பா சொல்கிறார், இந்த முறை விடமாட்டோமாம்.”

கடைசி உதை வந்தது. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. அவர் எழும்பி நின்றார். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல நின்றார். பிறகு வலப்பக்கம் திரும்பி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து, அழவேண்டாம் என்றார்.

வெளியே வந்ததும் மனைவி வேலியடியில் நின்றுவிட்டாள்.

“இதுதானோ இவ்வளவு நாளும் நீங்கள் கேட்டுக்கொண்டு வந்த கேள்வி?”

“ஓம். அவர் சொன்னவர்தானே.”

“எங்கயப்பா சொன்னவர்? நீங்களெல்லோ சொன்னீங்கள். விடையையும் சேர்த்துக் கேட்டா கிளியும் சொல்லும்.”

“நான் என்ன, ஆளை மடக்கவோ போனனான்?”

“ஓம். அதுக்குத்தானே உங்களைப் போகச் சொன்னவர்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “எடுங்கோ போனை” என்றாள்.

அவர் மகள் பெர்த்திலிருந்து அந்தக் கிழமையே வந்தாள். அவர் கதவைத் திறந்து, கைகொடுத்து, நேர்ஸ் என்று நினைத்தோ என்னவோ, மழைக்குள் வந்ததற்கு நன்றி சொன்னார். அவள் சூட்கேஸோடு வாசலிலேயே நின்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் அன்று பின்னேரம் ஒன்றே ஒன்று கேட்டாள்: எப்போதிருந்து? நான் பெய்ஜோவா மரத்தைப் பார்த்தேன். ஒருவேளை அந்தப் பெய்ஜோவாக் காலத்திலேயே சரியாகக் கேட்டிருந்தால் அவளுக்குச் சில மாதங்கள் கிடைத்திருக்கும். ஒருவேளை கிடைத்திருக்காது. அதுவும் நான் பார்க்கப் போகாத முடிவுகளில் ஒன்று.

இப்போது அவர் இருப்பது என் மனைவி வேலை செய்கிற இடத்தில். மகள் லீவு கிடைக்கிறபோதெல்லாம் பெர்த்திலிருந்து வருகிறாள். நான் ஞாயிறுகளில் ரெயினில் போகிறேன். படத்தை நிறுத்திவிடலாமே என்று மகளிடம் கேட்டேன். நிறுத்தினால் அவர் கதவடியில் போய் நின்று, ஆட்டம் தொடங்கப்போகிறது, திறவுங்கள் என்கிறாராம்.

போன ஞாயிறு மூன்று பேரும் பார்த்தோம். இப்போதெல்லாம் நான் ஒன்றும் கேட்பதில்லை. கடைசிப் பாகத்தில் தன் மடியிலிருந்த போர்வையை எடுத்து மகளின் முழங்காலில் போட்டார்.

“உங்களுக்குக் குளிரும், மிஸ். தனியாகவா வந்தீர்கள்?”

“இல்லை” என்றாள். “அப்பாவோடு.”

“நல்லது. வெளியே போகும்போது அவர் கையை விட்டுவிடாதீர்கள். பெரிய கூட்டம்.” பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: “வெல்லுவோம், பார்.”

அவள் போர்வையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதைப்பவன் வந்து நின்று, காலால் பனியை ஒதுக்கினான். நான் எழும்பி யன்னலடிக்குப் போனேன். கார் தரிப்பிடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. பின்னால் கூட்டத்தின் சத்தம் எழுந்தது, பிறகு அவருடைய கதிரை பின்னுக்குப் போகிற சத்தம் கேட்டது.