மெர்லா நாடி பார்த்த மரம்

எங்கள் தெருவில் மெர்லாவைக் கண்டு எரிச்சல்படாதவர்கள் குறைவு. எனக்கும் எரிச்சல்தான். காலமெல்லாம் ரொட்டிக்கடையில் மாவு பிசைந்தவள், ஓய்வுபெற்றதும் தெருவின் பழைய தைலமரங்களுக்குக் காவலாகக் கிளம்பிவிட்டாள். வீட்டிலிருந்து கடல் தெரியாமல் மறைக்கிறது என்று மரத்தில் துளைபோட்டு விஷம் ஊற்றுகிற புண்ணியவான்கள் எங்கள் பக்கம் உண்டு. துளையைப் பட்டை நிறத்துப் பசையால் அடைத்துவிடுவார்கள், கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவள் தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பாள்.

"என்ன மெர்லா, காய்ச்சல் அடிக்குதா?" என்பேன்.

"மரம் நல்லாத்தான் இருக்கு. உன் மேலதான் சந்தேகம்," என்பாள்.

அவள் வீட்டு வேலியோர மரம்தான் தெருவிலேயே பெரியது. ஒரு கோடை மதியம், இலை அசையாத வெக்கையில், சில்வண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயடைத்தன. அடுத்த கணம், ஆள் பருமன் கிளையொன்று காற்றே இல்லாமல் முறிந்து, அவள் கணவர் ரெக்ஸ் அப்போதுதான் கழுவி முடித்த காரை நசுக்கியது. ரெக்ஸ் துண்டோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

"குறி தப்பிடுச்சு அதுக்கு," என்று என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மரத்தை வெட்டச் சொல்லி நகரசபையிடம் கேட்டார். உயிருள்ள மரம், முடியாது என்றுவிட்டார்கள். மெர்லாவுக்கு அதில் சந்தோஷம்.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவள் விரல் அந்த மரத்தில் நின்றது. பசையைத் தோண்டியதும் சிவப்புப் பிசின் கசிந்து மணிக்கட்டு வரை வழிந்தது. சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாத சிவப்பு. அதை நம்பித்தான் வீடுவீடாகப் போய், "கையக் காட்டு," என்றாள். என்ன திமிர். ஆனாலும் காட்டினேன். எல்லோரும் காட்டினார்கள்.

சாயங்காலம் களைத்துப்போய் என்னைத் தேநீருக்கு அழைத்தாள். ரெக்ஸ் கோப்பையை நீட்டினார். நகக்கண்ணெல்லாம் சிவப்பு.

"செத்துட்டா வெட்டிருவாங்கன்னு நெனச்சேன், மெர்லா. எனக்குப் பயமா இருந்துச்சு," என்றார்.

அவள் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

எவ்வளவோ தண்ணீர் விட்டும் மரம் பிழைக்கவில்லை. நகரசபை ஆட்கள் சாலைப் பக்கக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டு, 'இந்த மரம் விஷம் வைத்துக் கொல்லப்பட்டது' என்று பெரிய பதாகை கட்டினார்கள். கொன்றவனுக்கு லாபம் கிடைக்கக் கூடாது என்பதற்காக, செத்த மரத்தை அப்படியே நிற்கவிடுவதுதான் இங்கே வழக்கம். ரெக்ஸ் அந்த வழக்கத்தை மறந்துபோயிருந்தார்.

அது எலும்பாக வெளுத்து அவர்கள் கூரைக்கு மேல் நிற்கிறது. நேற்று மதியம் காற்றே இல்லை. மெர்லா ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அதன் அடியில் போட்டாள்.

"வா ரெக்ஸ், உக்காரு."

"நிழலே இல்லையே, மெர்லா."

"இருந்துச்சு," என்றாள்.

அவர் மேலே பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்.