தெற்கெல்லை பாழ்மனை

என் வீடு விலை போகாமல் கிடந்ததற்கு என் வீடு காரணமில்லை. சுண்ணாம்பு பூசிய சுவர், புதுக் கூரை, வாசலில் இறங்கினால் நாலு எட்டில் ஏரித் துறை. எங்கள் தோணிரேவுக் குப்பத்தில் அப்படி இன்னொரு வீட்டைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். காரணம் தெற்குப் பக்கத்து வீடு. அதை வீடு என்று சொல்லவே அன்று எனக்கு வாய் கூசியது. பாதிக் கூரை காற்றோடு போய்விட்டது, மீதிப் பாதி உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கச் சுவர் மழையில் கரைந்து இடுப்பளவுக்கு வந்திருந்தது. அதற்குள்ளே ஒருத்தி குடியிருந்தாள். அதுதான் பெரிய தலைவலி.

புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவள். பிள்ளை குட்டி இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவள் என்பதால் நான் அக்கா என்பேன். அவள் என்னை நைனா என்பாள். எங்கள் பக்கம் பெற்ற அப்பனுக்குச் சொல்லும் சொல் அது. பிரியம் வந்தால் சின்னவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு என்மேல் பிரியம் இருந்தது. என்ன செய்ய, இருந்தது.

அவள் வீடு நாறுகிறது என்று ஊரே சொன்னது. நாற வைத்தது யார்? நாங்கள்தான். மீன் கழுவிய தண்ணீர், நண்டு ஓடு, இறால் தலை, மக்கிப்போன வலை எல்லாவற்றையும் என் பெண்சாதி தெற்குப் பக்கம்தான் கொட்டுவாள். சுவர் கரைந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. "ரெண்டு கட்டு பனையோலை குடு நைனா, நானே ஏறி வேஞ்சிக்கிறேன்" என்று இரண்டு மழைக்காலம் கேட்டாள். என் கூரைக்குப் போட்டது போக ஓலை மிச்சம் கிடந்தது. "பாக்கலாம்கா" என்றேன். மிச்ச ஓலையை அடுப்பில் வைத்து எரித்தோம்.

அது உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கடைசிக் காலம். பழவேற்காட்டுக் கோட்டையை இங்கிலீஷ்காரன் வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போயிருந்தான். உலாந்தாக்காரன் திரும்பி வந்து இடிபாட்டுக்கு நடுவே கொடியேற்றி உட்கார்ந்திருந்தான். துணி ஏற்றும் கப்பல் வருவது நின்றுவிட்டது. நான் அவர்கள் கிடங்கில் துணிப் பொதிகளுக்குச் சீட்டு எழுதியவன். எங்கள் குப்பத்தில் எழுத்தாணி பிடித்த ஒரே கை என்னுடையது, அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. பொதி இல்லாமல் போனதும் சீட்டுக்கும் வேலையில்லை. சென்னப்பட்டணத்தில் என் மைத்துனன் ஒரு கிடங்கில் எனக்கு இடம் பேசி வைத்திருந்தான். வீட்டை விற்றால் போகலாம். இல்லையென்றால் வலைதான். எனக்கு வலை இழுக்கத் தெரியாது. இழுத்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும்.

கடைசியில் திருப்பாலைவனத்திலிருந்து நெல்லுக்காரர் ஒருவர் வந்தார். தோணியில் ஏற்றும்வரை நெல் மூட்டையை அடுக்கி வைக்கத் துறையோரம் ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. வெளியே வந்ததும் மூக்கைப் பொத்தினார். அந்த நேரம் பார்த்து அக்கா தன் கூரைக்கடியிலிருந்து குனிந்து வெளியே வந்தாள்.

"வாங்க, நம்மூருக்கு வரப்போறவரு நீங்கதானா? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

நெல்லுக்காரர் முகம் சுண்டிப்போனது. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாப்பா இது? மூட்டை ஏத்திக்கினு நான் கெளம்புற நேரமெல்லாம் தாலியறுத்தவ எதுர வந்து நிப்பாளா? உன் வூடும் வாணாம் ஒண்ணும் வாணாம்."

"அது வூடே இல்லீங்க. பாழ்மனை. இவ சும்மா ஒண்டிக்கினு கீறா" என்றேன்.

"பாழ்மனைன்னு கிரய ஓலையில எழுதுவியா?"

எழுதினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஆளில்லாமல் பாழாய்க் கிடக்கும் மனையைப் பக்கத்து மனைக்காரன் தன்னோடு சேர்த்துக்கொள்ளலாம், ஊரில் யாரும் தடுக்கமாட்டார்கள். எழுதுகிறேன் என்றேன். "நாளைக்கு அவ வந்து கத்தினா?" என்றார். "அவளையே சாட்சிக் கீறல் போட வெக்கிறேன்" என்றேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. அந்த யோசனை முழுக்க முழுக்க என்னுடையது.

எழுதத் தெரியாதவர் ஓலையில் போடும் அடையாளத்துக்குத் தற்குறி என்று பெயர். ஒன்றும் தெரியாதவரைத் திட்டுவதற்கும் அதே சொல்தான். எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு ஒரு குறி உண்டு. வலையின் மிதப்புக்கட்டையில், துடுப்பில், வாசக்காலில் அதை வெட்டி வைப்போம். அறுந்து மிதந்து வரும் வலை யாருடையது என்று அதைப் பார்த்துத்தான் சொல்வோம். அக்கா வீட்டுக் குறி மூன்று கோடு, மேலே ஒரு வளைவு. அவள் புருஷன் வாசக்காலில் ஆழமாக வெட்டியிருந்தான்.

கீறல் வாங்குமுன் ஓலையை வாய்விட்டுப் படித்துக் காட்டவேண்டும். அவளை உட்காரவைத்துப் படித்தேன். "கிழக்கெல்லை ஏரித் துறை. வடக்கெல்லை வண்டிப்பாதை. மேற்கெல்லை ஊர்க் கிணறு." அடுத்து நான் எழுதியிருந்தது, தெற்கெல்லை பாழ்மனை. என் வாய் படித்தது வேறு: "தெற்கெல்லை, கடலில் போனவன் பெண்சாதி குடியிருக்கும் வீடு." நாக்கு ஓர் இடத்தில்கூட இடறவில்லை.

"இன்னொரு தபா படி நைனா" என்றாள். அதே மாதிரி படித்தேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஓலையில ஏறிடுச்சா என் வூடு? எல்லாரும் குப்பமேடு, குப்பமேடுங்கறாங்க. நீ ஒருத்தன்தான் வூடுன்னு எழுதின. நல்லா இருப்ப."

எழுத்தாணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசக்காலில் இருக்கும் அதே குறியைக் கோணாமல் கீறினாள். மறுநாள் ஒரு சட்டி நிறைய நண்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருந்தது. ஒட்ட வழித்துச் சாப்பிட்டோம். நண்டு ஓட்டை என் பெண்சாதி வழக்கம்போல் தெற்குப் பக்கம் கொட்டினாள்.

சட்டி சாமான்களை நாங்கள் தோணியில் ஏற்றிக்கொண்டிருந்த அன்று காலையிலேயே நெல்லுக்காரரின் ஆட்கள் அவள் சுவரை இடிக்க வந்துவிட்டார்கள். அவள் அழவில்லை. நேராக ஓடி ஊர்ப் பெரியவர்களைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு தெம்பு. "ஓலையக் கொண்டாரச் சொல்லுங்க, அப்புறம் தெரியும்" என்றாள்.

நெல்லுக்காரர் ஓலையை நீட்டினார். பெரியவர்களில் மூத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் எழுத்து தெரியாது, குறி தெரியும்.

"ஏம்மே, இது உன் குறியா?"

"என் குறிதான்! என் கையால கீறினது! வேற எவனாச்சும் என் வூட்டுக் குறிய போடுவானா?"

அதோடு விட்டாளா? இடித்தவர்கள் பிடுங்கிப் போட்டிருந்த வாசக்காலைத் தானே இழுத்துவந்து போட்டு, ஓலையைப் பக்கத்தில் வைத்து, கோடு கோடாக ஒத்துப்போவதைக் காட்டினாள். அவள் ஒவ்வொரு தடவை என் குறி, என் குறி என்று அடித்துச் சொன்னபோதும் நெல்லுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். போதும்கா, நிறுத்து என்று என் நெஞ்சுக்குள் ஏதோ கத்தியது.

"எழுதினவன் இதோ நிக்கிறான். அவனே படிக்கட்டும். அவன் பொய் படிக்கமாட்டான்" என்றாள்.

அன்றைக்கு நான் பொய் படிக்கவில்லை. எழுதியதை எழுதியபடி படித்தேன். தெற்கெல்லை பாழ்மனை.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பெரியவர்தான் விளங்க வைத்தார். "பாழ்மனைன்னு எழுதி கீது. குறி போட்டதும் நீதான்னு நீயே சொல்லிட்ட. இனி நாங்க இன்னா பண்றது? கெளம்பு."

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளா நான் எங்க நைனா இருந்தேன்?"

"குப்பையில" என்றாள் என் பெண்சாதி, தோணியில் உட்கார்ந்தபடி.

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் மூஞ்சியிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அன்று எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், மற்றவர்கள் கேட்டால் வெட்கம் என்பதுபோல.

"அன்னிக்குப் படிச்சியே, அந்த மாதிரி ஒரே ஒரு தபா படி நைனா. கேட்டுட்டுப் போயிடறேன்."

ஒரு வரி. படித்திருந்தால் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. கீறல் கீறல்தான், விற்ற வீடு விற்ற வீடுதான். நெல்லுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்டி ஒண்ணும் இதுல எழுதலக்கா" என்று சொல்லி, ஓலையைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுத் தோணியில் ஏறினேன்.