தானாகக் கொட்டிய முடி

அந்த முடி பிடுங்கியதா, தானாகக் கொட்டியதா?

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. என்னிடம் இப்படிக் கேட்டார். மேசைமேல் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் என் அக்கா செல்வப்பிரியாவின் முடி, ஒரு கைப்பிடி. அவள் புருஷன் அதை இழுத்தபோது தங்கை நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் பதில் சொல்ல முடியவில்லை.

கேரள எல்லையில் சித்தூர்ப் பக்கம் தேங்காய் மண்டி வைத்திருக்கும் தண்டபாணி மாமாவுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது அவள் எடை நூறு கிலோவுக்கு மேல். தேங்காய் மூட்டையை ஒற்றை ஆளாகத் தராசில் ஏற்றுவாள். ஒரு முறை மாமா கோபத்தில் கை ஓங்கினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, விடட்டுமா, இன்னுங் கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டுமா?" என்று சிரித்தாள். லோடு ஏற்ற வந்தவர்களும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

பிள்ளை நிற்கவில்லை. "ஆனையே ரெண்டு வருசத்துல குட்டி போட்டுருது, இவளுக்கு அஞ்சு வருசமாச்சு" என்பார் அவள் மாமியார் நாச்சம்மாள். எடை குறைந்தால் பிள்ளை நிற்கும் என்று கடைசியில் மாமா அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய், இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யவைத்தார். ஒரு வருடத்தில் அக்கா பாதியானாள். மணிக்கட்டைப் பிடிக்கிற பலம் போய்விட்டது. முதல் அறை அப்போதுதான் விழுந்தது.

ஆயுள் முழுக்கச் சாப்பிடச் சொல்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

"என்ன மாத்திரை அது?" என்று கேட்டார் நாச்சம்மாள்.

"சத்து மாத்திரைங்க அத்தை."

அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. எங்கள் ஊரில் சத்து மாத்திரை என்றால் நோஞ்சான் பிள்ளை தேறுவதற்குக் கொடுப்பது. "எளைக்கறதுக்கு வயித்த அறுத்துப்போட்டு, ஊதறதுக்கு மாத்திரையா?" என்று மாமா டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தார். அக்கா தடுக்கவில்லை. மறுபடி குண்டாகிவிடுவோமோ என்று அவளுக்கும் பயம். எங்கள் வீட்டிலும் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

கொஞ்ச மாதத்தில் அவளுக்கு ருசி போனது. "வாயில பழைய சாவிய வெச்ச மாதிரி இருக்குது புள்ள" என்பாள். உப்பு தெரியாமல் அதிகமாகப் போட்டாள்; குழம்புச் சட்டி சுவரில் உடைந்தது. மறுநாள் பயந்துபோய் உப்பே போடவில்லை. இரும்புக் கரண்டியால் முழங்காலுக்குக் கீழே அடி. "வேணும்னே பண்றா" என்றார் மாமா. அந்தப் புண் ஆறவே இல்லை. வாயைச் சுற்றியும் விரலிடுக்கிலும் தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. நாச்சம்மாள் அவளைத் தண்ணீர்க் குடத்தைத் தொடவிடவில்லை. சீப்பை வைத்தால் முடி கொத்தாக வந்தது.

பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். அக்காவின் போனைச் சரிசெய்து, ஒரு நாள் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமா மதியச் சாப்பாட்டில் ஒரு வாய் வைத்துத் துப்பினார். தட்டு பறந்தது. "என்னையக் கொல்லப் பாக்கறயாடி?"

அக்காவின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு அடுப்படியிலிருந்து களத்துக்கு இழுத்தார். கால் புண் வாசற்படியில் உரசி, தரையில் ரத்தம் கோடு போட்டது. களத்தில் தேங்காய் உரிக்கும் பாரை கூர்முனை மேலே தெரிய நட்டிருந்தது. அதை நோக்கித்தான் இழுத்தார். நான் கத்திக்கொண்டே ஒரு தேங்காயை எடுத்து எறிந்தேன். அது அவர் தோளில் பட்டது. அதே நேரம் முடி கொத்தாகக் கழன்று வந்தது. அக்கா விழுந்து, எழுந்து, ரோட்டுக்கு ஓடினாள். கோழி தப்பித்து இறகு மட்டும் கையில் மிஞ்சியவனைப் போல மாமா நின்றார். அவர் உதறிப்போட்டதை நான் பொறுக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் ஜோமோன் காயத்துக்குக் கட்டுப்போட்டுவிட்டு, அவள் வாயையும் விரல்களையும் ரொம்ப நேரம் பார்த்தார். வயிற்றில் ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு, "சிங்க் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. அதான் ருசி போனது, முடி கொட்டுறது, புண்ணு ஆறாதது எல்லாம். வயிறு சின்னதாயிட்டா சாப்பாட்டில இருந்து மட்டும் அது போதாது" என்றார்.

"சிங்க்குன்னா, மண்டிக் கூரைத் தகரத்துல பூசறதுங்களா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அதே சாதனம்தான். அதுக்காகக் கூரையை நக்க வேண்டா. மாத்திரை மதி, அது போதும்."

அடிபட்ட உதட்டோடு அக்கா சிரித்தாள்.

அந்த டாக்டர் சொன்னதையே மாமா ஸ்டேஷனில் பிடித்துக்கொண்டார். "இது வியாதிங்க மேடம். முடி தானாக் கொட்டுது. புண்ணு ஆறாததும் வியாதிதான். நான் தொட்டேன், அவ்வளவுதான்." நாச்சம்மாள் தலையாட்டினார். அப்போதுதான் எஸ்.ஐ. என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டார். பிடுங்கியது என்றால் வியாதி பொய்யாகிவிடும். கொட்டியது என்றால் மாமா எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார், அக்காவையும் கூட அனுப்பிவிடுவார்கள்.

அக்கா தலையிலிருந்த துண்டை எடுத்தாள். பின்மண்டையில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல்.

"முடி தானாத்தான் வந்திருக்கும் மேடம். அவரு கை என் தலைக்குத் தானாவா வந்துச்சு?"

"வாய அடக்குடி" என்று மாமா பாதி எழுந்தார். "உட்காருடா" என்றார் எஸ்.ஐ. பிறகு பேனாவை எடுத்தார்.

வழக்கு நடக்கிறது. அக்கா எங்கள் வீட்டில் இருக்கிறாள். டாக்டர் சொன்ன அளவில் மாத்திரை சாப்பிடுகிறாள். புண் ஆறித் தழும்பாகிவிட்டது. பூனைக்குட்டி ரோமம் போல முடி முளைக்கிறது. போன வாரம் நான் வைத்த ரசத்தில் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏ புள்ள, உப்ப அள்ளிக் கொட்டிட்டயா?" என்றாள். அவளுக்கு உப்பு தெரிகிறதா என்று அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அக்கா தட்டை எறியவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது இந்த ஆபரேஷன் செய்துகொண்டிருந்தால், இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டு ஆட்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மாத்திரை குண்டாக்குவதற்கு இல்லை. அதைக் கொட்ட நீளும் கை, அதோடு நிற்காது.