பஸ்ஸில் உருண்ட மந்திரக் கிழங்கு

இரண்டு வருஷம் இருக்கும். தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். தாயில்பட்டியிலிருந்து சிவகாசிக்குக் காலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன்.

எங்கள் மாணவிகளுக்கு மந்திரவாதிக் கதைகள் என்றால் உயிர். பொன் செய்யும் கல், விஷத்தை முறிக்கும் கல், பிடுங்கினால் அலறும் செடி என்று மூச்சு விடாமல் பேசுவார்கள். இதில் பாதி, நானூறு ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் வைத்தியர்களும் ரசவாதிகளும் மெய்யாகவே நம்பிய சமாசாரம் என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அப்படியானால் கண்காட்சி வைப்போம் என்று பிடித்துக்கொண்டார்கள்.

அலறும் செடியின் பெயர் மாண்ட்ரேக். வேர் மனித உருவில் இருக்கும். வலிக்கு மருந்து, பிள்ளை வரம் தரும், ஆனால் பிடுங்கும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டவன் செத்துவிடுவான் என்று நம்பினார்கள். கிராக்கி கூடியதும் ஏமாற்றுக்காரர்கள் வேறு கிழங்கைச் செதுக்கி விற்றார்களாம். அவர்கள் வழியிலேயே நானும் ஒரு பெரிய சீனிக்கிழங்கை, அதாவது சர்க்கரைவள்ளிக் கிழங்கை, வாங்கிக் கண், மூக்கு, கை, கால் எல்லாம் செதுக்கினேன். தலையில் என் சீப்பில் சிக்கியிருந்த முடியைச் செருகினேன். கை உடையாமல் இருக்கச் சிவப்பு நூல் சுற்றினேன். நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

கண்காட்சி அன்று காலை அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் நல்ல கூட்டம். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. மடியிலிருந்த பை சரிந்து, பொம்மை நடுவழியில் மல்லாக்க விழுந்தது. என் போதாத காலம், விருந்தினருக்கு ஜூஸ் போட வாங்கியிருந்த எலுமிச்சம்பழங்களும் பின்னாலேயே உருண்டுபோய் அதைச் சுற்றி நின்றன.

உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் விசில் ஊத, வண்டி நின்றது. விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். இது அலறும் செடி, சத்தம் கேட்டால் சாவு என்பதால் அந்தக் காலத்தில் நாயைக் கட்டிப் பிடுங்க வைத்தார்கள் என்று ஆரம்பித்தேன். நாய் என்னாச்சு என்று முன்சீட்டுப் பெரியவர் கேட்டார். செத்துவிடும் என்று நம்பினார்கள் என்றேன். அதோடு என் கதை முடிந்தது.

"டீச்சர், கோவிச்சுக்கிடாதீக. அதையும் தூக்கிக்கிட்டு இங்கனயே எறங்கிருங்க," என்றார் கண்டக்டர்.

வெளியே ஒரே கருவேலங்காடு. அடுத்த பஸ் எப்போதென்று தெரியாது. கல்லூரியில் முதல்வர் ரிப்பனோடு காத்திருப்பார். வெறும் சீனிக்கிழங்குதான் என்று நிரூபிக்கப் பொம்மையை எடுத்து அதன் பாதத்தைக் கடித்தேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. "ஏலே, திங்குதுலே," என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு பெண் கைக்குழந்தையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

என் பக்கத்தில் இருந்தவர் வெம்பக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்து அம்மா. மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க சிவகாசி அச்சகத்துக்குப் போகிறேன் என்று அதுவரை சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார். நல்ல காரியத்துக்குப் போகிறவர் அங்கே உட்காரலாமா, தள்ளி வாருங்கள் என்று நாலு பக்கமும் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பொம்மையை வாங்கி, முடியைப் பிடுங்கிப் போட்டு, சேலையில் துடைத்து, தலையை நறுக்கென்று கடித்தார்.

மொத்த பஸ்ஸும் அவர் வாயையே பார்த்தது. நிதானமாக மென்று விழுங்கினார்.

"சீனிக்கிளங்குதான். அவிச்சா இன்னும் நல்லாருக்கும். வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தார். எலுமிச்சம்பழங்களை யாரோ பொறுக்கி, இரண்டு விரலால் பிடித்து, என்னிடம் நீட்டினார்கள்.

சிவகாசியில் இறங்கியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாண காரியமாக வந்தவர் எப்படிப் பயப்படாமல் தின்றீர்கள் என்று கேட்டேன்.

"யாரு சொன்னா பயப்படலைனு? தொண்டையில எறங்குற வரைக்கும் குலசாமியக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். நீங்க அளுதுருவீக போல இருந்துச்சு, அதான்," என்றவர் அச்சகத்தைத் தேடி நடந்துவிட்டார்.

தலையும் ஒரு பாதமும் இல்லாமல்தான் மாண்ட்ரேக் கண்காட்சியில் இருந்தது. தலை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பரிசோதனைக்குப் போய்விட்டது என்றேன். பொய்யில்லையே.

இப்போதெல்லாம் நாலு பேர் நடுவில் யாராவது தனியாக மாட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்த்தால், எனக்கு விளக்கம் சொல்லத் தோன்றுவதில்லை; உள்ளுக்குள் உதறல் இருந்தாலும், போய்ப் பக்கத்தில் உட்காரத்தான் தோன்றுகிறது.