பெயின்ட் பூசிய கியர் பாக்ஸ்

எங்கள் மனேஜர் ஆலைக்குள் வரும்போது கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவார். மிளகாய்த்தூள் ஆலையை நடத்துகிறவருக்கு மிளகாய்த்தூள் ஒத்துக்கொள்ளாது. முதலாளியின் மருமகன் என்பதைத் தவிர அந்தக் கதிரையில் இருக்க அவரிடம் வேறு தகுதி எதையும் நான் கண்டதில்லை. என்னை ‘அங்கிள்’ என்பார். என் மகன் வயதுக்காரரை நான் ‘சேர்’ என்பேன்.

ஆலை கொழும்பில், கொட்டாஞ்சேனையில். நான் வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். இயந்திரங்களின் பராமரிப்பு என் பொறுப்பு. தூள் கலக்கும் பெரிய டிரம்மைச் சுழற்றுவது ஒரு கியர் பாக்ஸ். அதை இயக்கியவள் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து கொச்சிக்கடையில் வாடகைக்கு இருந்த ஒரு பெண். ஒரு காலையில் என்னிடம் வந்தாள்.

“சார், கியர் பாக்ஸ்ல மிளகா வறுக்கிற வாட வருது.”

போய்ப் பார்த்தேன். ஒயிலும் தூளும் குழைந்து, இரும்பின் மேல் கம்பளி போர்த்தியதுபோல் படிந்திருந்தது. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லை. கையை வைத்தவுடனேயே எடுக்க வேண்டியிருந்தது. அரை நாள் நிறுத்திச் சுரண்டி, ஒயிலை மாற்றினால் முடிகிற வேலை.

மனேஜர் தன் ஏசி அறையை விட்டு எழும்பவில்லை. “நிப்பாட்ட ஏலாது அங்கிள். அடுத்த கிழமை வெளிநாட்டு பையர்ஸ் வருகினம். ஒயில் கூட ஊத்துங்கோ. உடம்பு சூடெண்டா நாங்கள் தண்ணி கூடக் குடிக்கிறம்தானே?”

“அப்பிடியில்லை சேர். ஒயில் மிஞ்சினா பல்லுச் சில்லு அதைக் கடைஞ்சு கடைஞ்சு இன்னும் சூடாக்கும். மட்டம் பாக்கிற கண்ணாடியில பாதிக்குத்தான் நிக்கவேணும்.”

“நான் டிகிரி முடிச்சனான் அங்கிள்.”

அவர் முடித்தது விளம்பரத்துறையில். அன்று பின்னேரம் பக்கத்தில் நின்று கண்ணாடி நிறைய ஒயில் ஊற்றுவித்தார். அதுவும் போதாதென்று ஒரு பெரிய ஃபேனைக் கொண்டுவந்து கியர் பாக்ஸுக்கு நேரே வைத்தார். அது தூளை வாரி ஆலை முழுக்க அடித்தது. எல்லோரும் கண்ணீர் வழிய இருமினோம். மறுநாள் ஃபேன் அவருடைய அறைக்கே திரும்பிப் போனது.

பிறகு பெயின்ட். விருந்தாளிகள் வருகிறார்கள் என்று எல்லா இயந்திரங்களுக்கும் வெள்ளி நிறம் பூசச் சொன்னார். அழுக்கின் மேலேயே பூசினார்கள்.

“கியர் பாக்ஸ் மேல இருக்குற அந்தச் சின்ன மூடியையும் சேத்துப் பூசிட்டாங்க சார்,” என்றாள் அவள். “அதுல சூட்டுக் காத்து வருமே.”

அந்த மூடிக்கு பிரீதர் என்று பெயர் என யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அதன் வேலை மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அடைபட்டால் உள்ளே காற்று முட்டி, ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் பிய்ந்து ஒயில் வெளியே வரும். மனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

“சுரண்டினா அசிங்கமாத் தெரியும். பையர்ஸ் போனாப் பிறகு பாப்பம்.”

ஸ்பானரை எடுத்தால் மூடியைக் கழற்றித் துடைக்க ஐந்து நிமிட வேலை. அவரைக் கேட்டிருக்கவே தேவையில்லை. ஆனால் நான் “ஓம் சேர்” என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தக் கதையில் நான் காறித் துப்ப வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

விருந்தாளிகள் வந்த அன்று, மனேஜர் டிரம்மின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் பாதுகாப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது சீல் பிய்ந்தது. கொதிக்கும் ஒயில் அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே பீறிட்டு அடித்தது. அவள் அலறினாள். மனேஜர் விருந்தாளிகளின் தோளைத் தொட்டு, சிரித்த முகத்தோடு அவர்களைத் தேநீர் குடிக்க அழைத்துப் போனார். நான் சுவிட்சை அணைத்து, அவளை இழுத்துக்கொண்டு போய்க் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் த்ரீவீலரில் அவள் ஒரேயொரு தடவை வாய் திறந்தாள்.

“நான் சொன்னேன்ல சார்.”



மறுநாள் மனேஜர் ஆங்கிலத்தில் அடித்த அறிக்கையை என் முன்னால் வைத்தார். அவள் நிற்கக்கூடாத இடத்தில் நின்றாளாம்.

“ஒரு சைன் மட்டும் அங்கிள்.”

“அவ நிண்டது சுவிட்சுக்குப் பக்கத்தில. வேலை செய்ற ஆள் வேற எங்க நிக்கிறது? நான் சைன் வைக்க மாட்டன்.”

“யோசிச்சுக் கதையுங்கோ. ரிட்டயர் ஆக ரெண்டு வருசம்தானே கிடக்கு?”

“யோசிக்காமல் ஓம் எண்டதாலதான் சேர் அவவின்ர கை வெந்தது.”

நடந்ததைத் தமிழில் என் கையாலேயே எழுதி முதலாளியிடம் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதையும் வாசித்துவிட்டு, “மூடியில பெயின்ட் அடிக்கச் சொன்னது ஆர்?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். ஆங்கில அறிக்கையைக் கிழித்துக் கூடையில் போட்டார். மருமகனை ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குடும்பத்தின் நீதி அவ்வளவுதான்.

பிறகு யாரிடமும் கேட்காமல் ஆலையை நிறுத்தினேன். பெயின்டையும் அழுக்கையும் சுரண்டி, பிரீதரைக் கழற்றிக் கழுவி, புது சீல் போட்டு, புது ஒயிலைப் பாதிக் கண்ணாடிக்கு ஊற்றினேன். பின்னேரம் டிரம் ஓடும்போது உள்ளங்கையை இரும்பின் மேல் ஆற அமர வைத்திருக்க முடிந்தது.

அவள் தழும்போடு திரும்பி வந்தாள். பொதி கட்டும் பகுதிக்கு மாறுகிறாயா என்று கேட்டேன்.

“வேணாம் சார். இத வேற யாரு பாக்குறது?”

‘இந்த மூடியில் பெயின்ட் பூசாதே’ என்று ஒரு பலகையில் எழுதி அவளே மாட்டினாள். அதையே கீழே சிங்களத்தில் நான் எழுதினேன். பலகை ஆலையின் அழகைக் கெடுக்கிறது என்று மனேஜர் இரண்டு மீட்டிங்குகளில் சொல்லிவிட்டார். நாங்கள் இன்னும் கழற்றவில்லை.