மூன்று பேர் நிமிரும் பெயர்

1996 மே, சனி, காலை ஆறரை. இத்தாலியின் நாப்போலியில் நான் ஏறிய கப்பல் பத்தரை மணி நேரத்தில் பலெர்மோவைத் தொட்டது. துறைமுகத்திலிருந்து போர்கோ வெக்கியோவுக்குப் பதினைந்து நிமிட நடை. சந்தைத் தெருவின் மேல்மாடியிலிருந்து ஒருத்தி கயிற்றில் கூடையை இறக்கியபடி "ரொசாலியா" என்று கூப்பிட்டாள். மீன்காரி, வாளியோடு நின்ற பெண், பள்ளிக்கூடச் சிறுமி, மூவருமே நிமிர்ந்தார்கள். என் குறிப்புப் புத்தகத்தின் முதல் வரி அதுதான்.

சின்னம்மாவின் மகள் வசந்தி அக்கா மூன்றாம் மாடியில் ஒரு வாரக் குழந்தையோடு இருந்தாள். குழந்தைக்கு இன்னும் பெயரில்லை. திங்கட்கிழமை நகரசபையில் பதிந்தாக வேண்டும்.

"தங்காது எண்டு டொக்டரே கைவிரிச்ச பிள்ளை. மலைக் கோயில் புனிதைக்கு நேந்தனான். ரொசாலியாதான் பேர்," என்றாள் அக்கா.

"வைக்கிறது என்ர தங்கச்சியின்ர பேர்தான்," என்றார் அவள் புருசன் குகன் அத்தான். "கலா."

"ரெண்டையும் வைக்கலாமே?" என்றேன்.

"ரெண்டாவது பேரை ஆர் கூப்பிடுறது, தம்பி? அது பாஸ்போட்டிலை படுத்திருக்கும்," என்றார் அத்தான்.

"நான் வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவும் ரொசாலியாதான்," என்றாள் அக்கா. "அவவின்ர மகள் டீவியைப் பாத்துத் தன்ர பிள்ளைக்கு ஜெசிக்கா எண்டு வைச்சிட்டாள். இனி இந்தப் பேரை வைக்க நாங்கள்தான் மிச்சம்."

ஞாயிறு, காலை ஏழு. பலெர்மோவின் காவல் புனிதையான ரொசாலியா தனித்திருந்த குகைக் கோயில் பெல்லெகிரீனோ மலையில் இருக்கிறது. பஸ்ஸுக்கு 1,500 லீரா. நேர்த்தி என்றால் நடக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அத்தானும் நானும் கல் பாவிய பழைய பாதையில் நாலு கிலோமீற்றர் ஏறினோம். நூலகத்தில் படித்து வந்ததை மூச்சு வாங்க வாங்க ஒப்புவித்தேன்: ரோசாவும் லில்லியும் சேர்ந்த பெயர் என்பார்கள் இங்கே, புத்தகங்கள் வேறு சொல்கின்றன. பழைய ரோமில் கல்லறைகளுக்கு ரோசாப்பூ வைக்கும் நாள் ஒன்று இருந்ததாம். அந்த நாளின் பெயர் ரொசாலியா.

அத்தான் நின்றுவிட்டார்.

"செத்த ஆக்களுக்கோ?"

"ஓம்."

"கலா சாகேக்கை என்னட்டை இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ இல்லை. ஊருக்குப் போனால் திரும்பி உள்ளுக்கை விடமாட்டாங்கள். ஒரு பூவும் வைக்கேல்லை."

அவர் எனக்கு முன்னே ஏறத் தொடங்கினார். குகை வாசலில் ஒரு சிவப்பு ரோசா வாங்கி என்னிடம் நீட்டினார்.

"நீ கொண்டுபோய் வை. பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் எனக்குத் துடக்கு, கோயிலுக்குள்ளை போகக்கூடாது."

"இது வேதக்காரரின்ர கோயில், அத்தான்."

"கோயில் ஆற்றையா இருந்தாலும் துடக்கு என்ர."

உள்ளே பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வைத்துவிட்டு வந்தேன்.

"என்ன பேர் சொல்லி வைச்சனி?"

"ரெண்டையும்."

திங்கள், காலை பத்து, நகரசபை. முதல் பெண்ணுக்குத் தகப்பனுடைய தாயின் பெயரை வைப்பது பலெர்மோ வழக்கம். அத்தான் "ரொசாலியா" என்றதும் எழுத்தர் கேட்டார்: "உங்கள் அம்மாவின் பெயரா?"

"தங்கச்சிக்காக," என்றார் அத்தான் இத்தாலிய மொழியில். எழுத்தர் தலையாட்டிவிட்டு எழுதினார்.

மாலை கப்பல் புறப்பட்டபோது கடைசிவரை தெரிந்தது அந்த மலைதான். இப்போது கொழும்பில் இருக்கிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சோதிடர் சொன்ன எழுத்தில், வேறெவருக்கும் இல்லாத பெயராகத் தேடி வைத்திருக்கிறார்கள். கூப்பிட்டால் ஒரு பிள்ளைதான் வரும். போர்கோ வெக்கியோவில் கூடை இறங்கும்போது இப்போது நாலு பேர் நிமிர்வார்கள். நாலாவது ஆளுக்கு மூன்று வயது.